பிரிட்ஜுக்குப் பொங்கிய பத்மநாதன் மாஸ்டர்

“முப்பத்தொரு வருசமாப் படிப்பிக்கிறன். ஒருக்கால் போட்ட மார்க்கை மாத்தின சரித்திரம் எனக்குக் கிடையாது. பிள்ளை அழுதிருக்கு, தாய் அழுதிருக்கு, ஒருக்கால் அதிபரே அழுதவர். மாத்தேல்லை. நான் பிழையெண்டு போட்டால் பிழை. அதைச் சரியாக்க இந்த உலகத்திலை ஒருத்தராலையும் ஏலாது!”

1991 ஒக்டோபரில், வால்தம்ஸ்டோவில் ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில், தமிழ்ப் பாடசாலைகள் ஒன்றியத்தின் பரிசளிப்பு விழாவில், ரெய்னர்ஸ் லேன் பத்மநாதன் மாஸ்டர் இவ்வாறு முழங்கினார். கைதட்டல் அடங்க வெகுநேரமானது. ஐம்பத்தைந்து நிமிடப் பேச்சு முடிந்துவிட்டது என்ற நன்றியுணர்வு மண்டபம் முழுவதும் பரவியிருந்தது.

மாஸ்டரை அறியாதவர்களுக்காகச் சில விபரங்கள். வயது ஐம்பத்துநான்கு. ஊரில் தமிழாசிரியர். லண்டனில் திங்கள் முதல் வெள்ளி வரை ஹவுன்ஸ்லோவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் தொழிற்சாலை ஒன்றில், கரண்டியையும் முள்ளுக்கரண்டியையும் காகிதத் துவாயில் சுற்றி வைப்பவர். நாளொன்றுக்கு இரண்டாயிரம் சுற்று. மேற்பார்வையாளனுக்கு இருபத்திரண்டு வயது. அவன் மாஸ்டரை ‘பாட்’ என்று கூப்பிடுவான். இப்படி ஐந்து நாள் சேரும் அவமானத்துக்கு ஆறாம் நாள் யாராவது பதில் சொல்லத்தானே வேண்டும்? சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் பதில் சொன்னார்கள். மாஸ்டரின் வகுப்பில் அரைவாசிக்கு மேல் சித்தியடைந்தால், வினாத்தாள் வெளியே போய்விட்டதோ என்று அவர் சந்தேகப்படுவார்.

அந்த விழாவில் ஒன்றியத்தின் செயலாளர் கணேசலிங்கம் முன்வரிசையில் இருந்து பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெற்றோர்கள் மாஸ்டரைப் பற்றி எழுதிய முறைப்பாட்டுக் கடிதங்கள் பதினேழு அவருடைய மேசையில் கிடந்தன. அவற்றின் மேல் பதினெட்டாவதாக ஒரு கடிதம் இருந்தது. அது முறைப்பாடு அல்ல, வேண்டுகோள். நோர்வேயின் வடக்கு முனையில் ஸ்டூர்நெஸ் என்ற மீன்பிடிக் கிராமம். அங்குள்ள மீன் தொழிற்சாலையில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் ஆறு வேலை செய்கின்றன. ஒன்பது பிள்ளைகள். செல்வமலர் என்ற தாய் எழுதியிருந்தார்: ‘எங்களுக்கும் ஒரு ஆசிரியரை அனுப்ப முடியுமா?’

ஒன்றியத்துக்கு இதற்கொரு விதி இருந்தது. வருகை ஆசிரியர் ஆறு கிழமை படிப்பித்துச் சோதனை வைக்க வேண்டும். ஒன்பதில் ஆறு பிள்ளைகள் நாற்பது மார்க் எடுத்தால் வகுப்புக்கு அங்கீகாரம். வருடா வருடம் புத்தகங்கள், குளிர்காலந்தோறும் ஆசிரியர். எடுக்காவிட்டால் கோப்பு மூடப்படும். மூடிய கோப்பைத் திறக்கும் வழக்கம் ஒன்றியத்தில் இல்லை.

“மாஸ்டர்,” என்றார் கணேசலிங்கம், தேநீர் நேரத்தில், மிகுந்த பக்தியோடு. “உங்களை மாதிரி அசையாத ஒரு ஆள்தான் அந்த இடத்துக்குத் தேவை.”

“எவ்வளவு தூரம்?”

“ஒன்றியம் இதுவரை ஒருத்தரையும் அவ்வளவு தூரம் அனுப்பினதில்லை, மாஸ்டர்.”

இதைப் பாராட்டாகவே மாஸ்டர் எடுத்துக்கொண்டார். தொழிற்சாலையில் சம்பளமில்லாத லீவு எடுத்தார். சோதனை வினாத்தாளையும் அதற்குச் சரியான விடைப்பட்டியலையும் ரெய்னர்ஸ் லேன் வீட்டுக் குசினி மேசையில் தாமே தயாரித்து, உறையிலிட்டு, அரக்கு வைத்து மூடினார். விமான நிலையத்தில் மனைவி கலாவதி சொன்ன வார்த்தை ஒன்றுதான்.

“அங்கை போயும் ஆரோடையும் கொளுவாதேங்கோ.”

“நான் ஆரோடை கொளுவினனான்?”

“பஸ்காரனோடை, தபால்காரனோடை, பல்லு டொக்டரோடை, என்ரை தங்கச்சியின்ரை மனுசனோடை...”

“அவன் கொளுவ வேண்டிய ஆள்.”

மூன்று விமானமும் ஒரு கப்பலும் மாறி, டிசம்பர் பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு மாஸ்டர் துறைமுகத்தில் இறங்கினார். கும்மிருட்டு. காற்று அவரைத் தரையிலிருந்து பெயர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. தொழிற்சாலையின் வான் வண்டியிலிருந்து பருத்த பெண்மணி ஒருவர் தலையை நீட்டினார். அவர்தான் பிலோமினம்மா. குருநகர்க்காரி, ஊரில் தகப்பனின் வள்ளத்தில் மீன் பார்த்தவர், இங்கே மீன் வெட்டும் வரிசையின் தலைவி, வான் சாரதி, மாஸ்டருக்கு அறை கொடுக்க ஒப்புக்கொண்ட வீட்டுக்காரி.

“வாத்தியாரோ? கெதியா ஏறுங்கோ. கதவை இறுக்கிச் சாத்துங்கோ. காத்துக் கொண்டுபோனால் கதவுக்கு நான்தான் பதில் சொல்ல வேணும்.”

“நான் போனால்?”

“உங்களுக்கு லண்டன் பதில் சொல்லும்.”

மாஸ்டர் ஏறினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே பார்த்தார். “எப்ப விடியும் அம்மா?”

“வாற மாசம் இருபத்திரண்டு.”

தம்மைக் கேலி செய்கிறார் என்று மாஸ்டர் முடிவு செய்தார். அந்த நிமிடத்திலிருந்து பிலோமினம்மா அவருடைய எதிரிகளின் பட்டியலில் சேர்ந்தார். பல்லு டொக்டருக்கு அடுத்த இடம்.

ஆனால் பிலோமினம்மா சொன்னது சுத்த உண்மை. மார்கழியில் சூரியன் அந்தப் பக்கம் தலைகாட்டுவதேயில்லை. மத்தியானத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் வானம் நீலமாகக் கசியும். பிறகு மறுபடியும் மூடிக்கொள்ளும். இந்த இருட்டில் ஒரு தமிழாசிரியரின் தினசரி வாழ்க்கை எப்படியிருந்தது என்பதை வருங்காலச் சரித்திரக்காரர்களுக்காகப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஐந்து மணிக்கு எழும்புவார். குளிப்பார். திருநீறு பூசிக் கிழக்கே பார்க்கத் திரும்புவார். கிழக்கு எதுவென்று தெரியாமல் வட்டமாக ஒருதரம் சுற்றுவார். வீட்டிலிருந்து வகுப்புக்கு இருநூறு யார். வழி நெடுகக் காற்றுக்குப் பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டியிருந்தது. அந்தக் கயிற்றில் தொங்கிக்கொண்டு போவதுதான் ஆசிரியரின் பவனி. மரக்கறிச் சாப்பாட்டுக்காரர், அந்தக் கிராமத்தில் மரக்கறி என்றால் உருளைக்கிழங்கு. காலையில் அவித்த உருளைக்கிழங்கு, மத்தியானம் மசித்த உருளைக்கிழங்கு, இரவில் இரண்டிலும் மிச்சம். போட்ட உடுப்பு, தலையணை, பஞ்சாங்கம் எல்லாவற்றிலும் மீன் மணந்தது.

வகுப்பு, தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில், வேலை முறை முடிந்து மூன்று மணிக்கு. முதல் நாள் மாஸ்டர் உள்ளே நுழைந்தபோது ஒன்பது பிள்ளைகளில் ஒருவரும் எழும்பவில்லை. எல்லோரும் கையசைத்து, “ஹாய், பத்மநாதன்!” என்றார்கள்.

வெறும் பெயர்! அவருடைய தகப்பனார் காலமான பிறகு அவரை அப்படிக் கூப்பிட்டவர் எவரும் இல்லை. பாட் என்று கூப்பிடும் மேற்பார்வையாளன்கூட அரைவாசியோடு நிறுத்திக்கொண்டான்.

“எழும்பு எல்லாரும்! ஆர் உங்களுக்கு இந்தப் பழக்கம் சொல்லித் தந்தது?”

பதில் சொன்னது பதினொரு வயதுச் சுகிர்தா. கடிதம் எழுதிய செல்வமலரின் மகள். “இஞ்சை ஸ்கூலிலை ரீச்சரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுறது. நாங்கள் ஹெட்மாஸ்டரையும் அப்பிடித்தான் கூப்பிடுறனாங்கள். அவர் கோவிக்கிறேல்லை.”

“அவர் நோர்வேக்காரர்.”

“ஓம். நல்ல மனுசன்.”

சுகிர்தா எதிரிகளின் பட்டியலில் மூன்றாம் இடத்துக்கு ஏறினாள்.

படிப்பு நடந்தது. மாஸ்டர் சொல்லுவார், பிள்ளைகள் திருப்பிச் சொல்லுவார்கள். “சூரியன் காலையில் கிழக்கில் உதிக்கும்.” எட்டுக் குரல் திருப்பிச் சொல்லும். ஒன்பதாவது குரல் கேட்கும்: “ஆரின்ரை சூரியன்?”

“எல்லாருக்கும் ஒரே சூரியன்தான்.”

“அப்ப எங்களுக்கு ஏன் இல்லை?”

கேள்வி கேட்கும் பிள்ளை வருங்காலத்தில் கெட்டுப்போகும் என்பது மாஸ்டரின் ஆய்வு முடிவு. கதிரையில் ஏறி நிற்கச் சொன்னார். அவள் ஏறி நின்றாள். உயரத்திலிருந்து கூரையிலிருக்கும் குழாய்களை எண்ணிக்கொண்டிருந்தாள். இறங்கச் சொன்னபோது இன்னும் ஏழு இருக்கிறது, பொறுங்கோ என்றாள்.

இவ்வாறு பகை முறையாக வளர்ந்துகொண்டிருந்தபோது தைப்பொங்கல் வந்தது. பொங்கல் பற்றிப் பேச மாஸ்டர் தமிழர்கள் எல்லோரையும் கூட்டினார். விடியற்காலையில் எத்தனை மணிக்குப் பானை வைப்பது என்று கேட்டார். செல்வமலர் பதில் சொன்னார்.

“நாங்கள் இஞ்சை இருபத்திரண்டாம் தேதிதான் பொங்கிறனாங்கள் மாஸ்டர். சூரியன் திரும்பி வாற நாள். பள்ளிக்கூடம் லீவு, தொழிற்சாலை அரைநாள் விடும், நோர்வேக்காரர் சூரியனை மாதிரி வட்டமா ஒரு இனிப்புப் பணிஸ் சுட்டுக்கொண்டு மேட்டுக்கு வருவினம். நாங்கள் பானையைக் கொண்டு போவம்.”

மாஸ்டர் அதிர்ந்தார். “தை முதலாம் தேதி பொங்கிறதுதான் பொங்கல். எட்டு நாள் பிந்திப் பொங்கினால் அதுக்குப் பேர் பிக்னிக்.”

“சூரியனுக்குத்தானே பொங்கிறது? அவர் இல்லாத நேரம் ஆருக்குப் பொங்கிறது?”

“பஞ்சாங்கத்திலை அவர் இருக்கிறார்.”

“அப்ப நீங்கள் பஞ்சாங்கத்துக்குப் பொங்குங்கோ,” என்று பிலோமினம்மா எழும்பினார். “எங்களுக்கு ஆறு மணிக்கு ஷிப்ட்.”

தமிழினம் கைவிட்டாலும் தர்மத்தைத் தாம் கைவிடுவதில்லை என்று மாஸ்டர் தீர்மானித்தார். தை முதலாம் தேதி காலை, வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம், பிலோமினம்மாவின் குசினியில் தனியாக நின்றார். கிராமத்து நோர்வேஜியப் பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய திசைகாட்டியால் கிழக்கைக் கண்டுபிடித்தார். கிழக்கே பிரிட்ஜ் இருந்தது. அதை நகர்த்தப் பார்த்தார், அது அசையவில்லை. பரவாயில்லை என்று அதன் மேல் தேங்காயும் வாழைப்பழமும் வைத்தார். பானையை ஏற்றினார். பால் பொங்கி வழிய வேண்டும் என்பது சம்பிரதாயம். மின்சார அடுப்பின் மேல் வழிந்தால் என்ன நடக்கும் என்பது பற்றிச் சம்பிரதாயம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

புகை கிளம்பியது. கூரையிலிருந்த மணி அலறியது. வீடு தொழிற்சாலைக்குச் சொந்தமானபடியால் தொழிற்சாலை மணியும் சேர்ந்து அலறியது. கத்திகளைப் போட்டுவிட்டு அறுபது தொழிலாளர் பனிக்குள் இறங்கி நின்றார்கள். தீயணைப்புக்காரர் ஏழு பேர் கதவை உடைத்துக்கொண்டு வந்தபோது, வெளிர்நிற பிரிட்ஜ் ஒன்றின் முன்னால் வேட்டி கட்டிய மனிதர் ஒருவர் கைகூப்பிக் கண்மூடி நிற்பதைக் கண்டார்கள். அவர்கள் மரியாதை தெரிந்தவர்கள், தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்கள்.

அன்று பின்னேரம் மாஸ்டர் வகுப்புக்குப் போனபோது கரும்பலகையில் பிரிட்ஜ் ஒன்று வரையப்பட்டிருந்தது. அதற்கு நெற்றியில் திருநீறும் தலையைச் சுற்றி ஒளிவட்டமும் இருந்தன. யார் வரைந்தது என்று கேட்டார். ஒன்பது பேரும் ஒரே குரலில், “தெரியாது, பத்மநாதன்,” என்றார்கள். ஐந்து கிழமையில் அவர்கள் சேர்ந்து சொன்ன முதல் திருத்தமான தமிழ் வசனம் அதுதான்.

சோதனை பதினெட்டாம் தேதி நடந்தது. மாஸ்டர் அரக்கை உடைத்து வினாத்தாள் கொடுத்தார். பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு அறைக் கதவில் மார்க்குகளை ஒட்டினார். ஐந்து பேர் சித்தி. நாலு பேர் இல்லை. அந்த நால்வரில் மூவர் சின்னஞ்சிறிசுகள். பத்து மார்க்கைத் தாண்டாதவர்கள். நாலாவது, சுகிர்தா: முப்பத்தெட்டு.

கால் மணி நேரத்தில் செல்வமலர் சாப்பாட்டு அறைக்குள் வந்தார். கையில், சுகிர்தா பார்க்க வாங்கிப்போன அவளுடைய விடைத்தாள்.

“மாஸ்டர், இந்த நாலாம் கேள்விக்கு ஏன் ரெண்டு மார்க்கும் வெட்டினனீங்கள்?”

மாஸ்டர் தாளைப் பார்க்கவேண்டிய தேவை இல்லை. நாலாம் வினா: ‘சூரியன் எப்போது, எந்தத் திசையில் உதிக்கும்?’ சித்தியடைந்த ஐந்து பிள்ளைகளும், ‘காலையில், கிழக்கில்’ என்று எழுதியிருந்தார்கள். சுகிர்தா எழுதியிருந்தது: ‘சனவரி 22. தெற்கில். முகில் என்றால் 23.’

“விடை கிழக்கு,” என்றார் மாஸ்டர்.

“இஞ்சை வந்து ஆறு கிழமை. ஒருக்கால் எண்டாலும் கிழக்கிலை கண்டனீங்களோ?”

“நான் கண்டனானோ இல்லையோ எண்டது கேள்வியில்லை. விடைப்பட்டியலிலை கிழக்கு.”

“அந்தப் பட்டியல் ஆர் எழுதினது?”

“நான்.”

“எங்கை இருந்து?”

“ரெய்னர்ஸ் லேனிலை இருந்து.”

“அங்கை ஒவ்வொரு நாளும் கிழக்கிலை உதிக்கிறதைப் பாக்கிறனீங்களோ?”

இது அநியாயமான கேள்வி. மாஸ்டர் காலை ஐந்து மணி பஸ்ஸில் ஏறி, யன்னல் இல்லாத தொழிற்சாலைக்குள் போய்விடுபவர். வீட்டு யன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. லண்டனுக்கு வந்த ஐந்து வருடத்தில் ஒரு சூரிய உதயத்தையும் அவர் கண்டதில்லை. ஆகவே குரலை உயர்த்தினார்.

“என்னோடை வாதாட வேண்டாம்! முப்பத்தொரு வருசம்...”

“ரெண்டு வருசம்,” என்றார் செல்வமலர். “ரெண்டு வருசமா ஷிப்ட் முடிஞ்சு வந்து, இந்த மேசையிலை இருந்து, மீன் பெட்டி மட்டையிலை எழுத்து எழுதிப் படிப்பிச்சனான். ஒன்பது பிள்ளைக்கும். நான் ரீச்சர் இல்லை. நான் பத்தாம் வகுப்பு. எனக்குத் தெரிஞ்சது முடிஞ்சு போச்சு. அதுதான் உங்களைக் கேட்டனாங்கள். ஆறு பேர் பாஸ் பண்ணாட்டி லண்டன் கோப்பை மூடிப்போடும். புத்தகமும் இல்லை, ஆளும் இல்லை. இந்தச் சின்னனுகள் மூண்டும் அ, ஆவோடை நிண்டுபோடும். நீங்கள் அந்த ரெண்டு மார்க்கையும் ஆருக்குச் சேத்து வைக்கிறியள்?”

“அழுது பிரயோசனமில்லை.”

“ஆர் அழுதது? ஒரு நாளைக்கு மூவாயிரம் மீன் வெட்டுறனான் மாஸ்டர். எனக்குக் கண்ணீர் வராது. கைதான் வரும்.”

அவருடைய வலது கையில் கத்தி இல்லை என்பதை மாஸ்டர் இரண்டு தரம் உறுதிசெய்துகொண்டார். “போட்டது போட்டதுதான்,” என்றார். செல்வமலர் விடைத்தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கதவை அறையவில்லை, மெதுவாகச் சாத்தினார். மாஸ்டருக்கு அதுதான் பிடிக்கவில்லை.

மூன்று நாள் கிராமத்துத் தமிழர்கள் மாஸ்டரை ஒதுக்கி வைத்தார்கள். வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. கடைவாசலில் கண்டால் தெருவின் மறுபக்கம் மாறினார்கள். தெரு ஒன்றேயானபடியால் அது இலகுவான காரியம் அல்ல. பிலோமினம்மா மேசையில் காய்ந்த கருவாட்டுத் துண்டொன்றை வைத்தார்.

“நான் மச்சம் சாப்பிடுறேல்லை எண்டு தெரியுந்தானே?”

“உருளைக்கிழங்கு முடிஞ்சுது.”

“மூலையிலை ஒரு சாக்கு இருக்கு!”

“அது பாஸ் பண்ணின ஆக்களுக்கு.”

இருபத்திரண்டாம் தேதி மாஸ்டரின் கப்பல் இரண்டு மணிக்கு. காலை பத்தரைக்கு அவர் பெட்டியோடு கீழே வந்தபோது வீட்டில் ஒரு குஞ்சும் இல்லை. மேசையில் காகிதத் துண்டொன்று: ‘வான் மேட்டில் நிற்குது. போறதெண்டால் மேலே வரவும்.’

ஆகவே, தெரு முழுவதும் பூட்டிய கதவுகளுக்கு நடுவே, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் விடைத்தாள் உறையுமாக, மாஸ்டர் மேடு ஏறினார். இரண்டு தரம் விழுந்தார். பெட்டி ஒரு தரம் தனியாகவே கீழே போய்விட்டு வந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது பதினொன்று இருபது. கிராமம் முழுவதும் அங்கே நின்றது. நோர்வேக்காரர் பணிஸ் தட்டுகளோடு ஒரு பக்கம். தமிழர் மீன் பெட்டிகளைக் காற்றுக்கு மறைப்பாக அடுக்கி, உள்ளே காஸ் அடுப்பு வைத்துப் பானையோடு மறுபக்கம். எல்லோர் முகமும் தெற்கே பார்த்தபடி. மாஸ்டருக்கு இடம்விட ஒருவரும் அசையவில்லை.

“என்னைக் கொண்டுபோய் விடுங்கோ. கப்பல் போயிடும்,” என்றார் பிலோமினம்மாவிடம்.

“கப்பல் ரெண்டு மணிக்கு. சூரியன் பதினொண்டரைக்கு. தள்ளி நில்லுங்கோ, மறைக்குது.”

மாஸ்டர் இருபது அடி தள்ளி நின்றார். கோபத்தில் வடக்கே பார்த்து நின்றார். அங்கே கடல் கருங்கல்லாகக் கிடந்தது. அப்போது பின்னால் சத்தமெல்லாம் ஒரேயடியாக நின்றுபோயிற்று. கடலின் ஓரத்தில் ஒரு சிவப்பு ஓடிற்று. அவர் திரும்பினார்.

தெற்கே இரண்டு மலைகளுக்கு நடுவில், நகத்தளவு. அதற்குமேல் இல்லை. செல்வமலர் அடுப்பைக் கூட்டினார். பால் எழுந்து, வழிந்து, பனியில் விழுந்து துளையிட்டது. “பொங்கலோ பொங்கல்!” என்று ஒன்பது பிள்ளைகளும் கத்தினார்கள்; நோர்வேக்காரரும் தங்களால் இயன்ற அளவுக்குக் கத்தினார்கள்.

மாஸ்டரின் சப்பாத்தைக் கழற்றியது யாரென்பது இன்றுவரை தெளிவாகவில்லை. பிற்பாடு கேட்டபோது அவருக்கே நினைவில்லை. கோயிலில் கழற்றுகிற கால் தானாகக் கழற்றிக்கொண்டது என்றுதான் கொள்ளவேண்டும். பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகைக் குளிரில், காலுறையோடு பனியில் நின்று, இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பியிருந்தார். தேவாரம் பாட வாயைத் திறந்தார். முப்பத்தொரு வருடமாக வகுப்புக்கு வகுப்பு ஒப்புவிக்கச் செய்த ஒரு வரியும் வரவில்லை.

“வாத்தியார்! விசரே உங்களுக்கு!” பிலோமினம்மாவின் குரல் அடுத்த கிராமம் வரை கேட்டிருக்கும். “சப்பாத்தைப் போடுங்கோ! விரல் உதிர்ந்தால் நான் பொறுக்கித் தரமாட்டன்!”

ஒரு சப்பாத்து சரிவில் உருண்டு போயிருந்தது. சுகிர்தா அதை எடுத்துக்கொண்டு வந்தாள். கொடுக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு, மலையிடுக்கைக் காட்டிக் கேட்டாள்.

“இது என்ன திசை, பத்மநாதன்?”

மாஸ்டர் நகத்தளவு வெளிச்சத்தைப் பார்த்தார். சப்பாத்தைப் பார்த்தார். கால் விரல்கள் இருக்கின்றனவா என்பது தெரியாத நிலை.

“தெற்கு.”

அவள் சப்பாத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். சூரியனும் போயிற்று, வந்தது மொத்தம் ஒன்பது நிமிடம். செல்வமலர் எல்லோருக்கும் பொங்கல் பரிமாறினார். மாஸ்டரின் முறை வந்தபோது பானையின் அடியைச் சுரண்டி, கருகிய கட்டியொன்றைக் கோப்பையில் போட்டு, முகத்தைப் பாராமல் நீட்டினார். மாஸ்டர் முழுவதையும் சாப்பிட்டார்.

மாஸ்டரைத் துறைமுகத்துக்கு வான் ஏற்றிச் சென்றது. உறை அவர் மடியில் கிடந்தது. கப்பலடியில் பிலோமினம்மா எஞ்சினை நிறுத்தினார்.

“அந்தப் பிள்ளைக்கு மார்க்கை மாத்துவியளோ?”

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “போட்ட மார்க்கை நான் மாத்திறதில்லை.”

“அப்ப இறங்குங்கோ.”

பெட்டி அவருக்கு முன்னால் தரையில் இறங்கியது.

பெப்ரவரி முதலாம் ஞாயிறு, வால்தம்ஸ்டோவில் ஒன்றியத்தின் கூட்டம். மாஸ்டர் உயிரோடு திரும்பிவந்ததில் கணேசலிங்கத்துக்குச் சிறிது ஏமாற்றம் இருந்திருக்கலாம், காட்டிக்கொள்ளவில்லை. ஸ்டூர்நெஸ் விடைத்தாள்களைப் புரட்டினார்.

“ஐஞ்சு பாஸ். ஆறு வேணும். இதிலை ஒரு பிள்ளை முப்பத்தெட்டு...” சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “மாஸ்டர், ரெண்டு மார்க் கருணையிலை போட்டுவிடுவம். அவ்வளவு தூரத்துப் பிள்ளை. ஆருக்குத் தெரியப்போகுது?”

“கருணை மார்க் கள்ள மார்க். அந்தப் பிள்ளைக்கு ஆரின்ரை கருணையும் தேவையில்லை.”

“அப்ப கோப்பை மூடுறன்.” கணேசலிங்கம் பேனாவைத் திறந்தார். மூடும் கோப்புகளில் அவருடைய கையெழுத்து மிக அழகாக விழும்.

மாஸ்டர் மண்டபத்து யன்னலைப் பார்த்தார். வெளியே மழை.

“பொறுங்கோ. அந்தப் பேப்பரை ஒருக்காத் தாங்கோ.”

வாங்கிக்கொண்டு மண்டபத்தின் கோடிக்குப் போனார். மேலங்கிகள் தொங்கும் இடத்தில், மடித்த கதிரை ஒன்றை விரித்து, ஒருவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அங்கே கால் மணி நேரம் இருந்தார். கூட்டத்துக்குக் கூட வந்திருந்த மனைவி கலாவதி தேநீர் கொண்டுபோனபோது, கையால் தாளை மறைத்தார். பிறகு திரும்பி வந்து, தாளை மற்றத் தாள்களுக்கு நடுவில் செருகி வைத்துவிட்டு, மழை கூடுமுன் ரெய்னர்ஸ் லேனுக்குப் போக வேண்டும் என்று சொல்லிப் புறப்பட்டார்.

கணேசலிங்கம் எடுத்துப் பார்த்தார். முப்பத்தெட்டு வெட்டப்பட்டு நாற்பது என்றிருந்தது. கூட்டலில் பிழை போலிருக்கிறது என்று எண்ணி, ‘ஆறு சித்தி, அங்கீகாரம்’ என்று பதிந்து, அடுத்த கோப்பை எடுத்தார். தாளின் அடியில் பரிசோதகர் குறிப்பு என்றொரு பெட்டி உண்டு. ஒன்றியத்தில் அதை நிரப்பும் வழக்கமும் இல்லை, வாசிக்கும் வழக்கமும் இல்லை. அன்று அது நிரம்பியிருந்தது. எழுத்து மிகச் சிறியது. மாஸ்டர் வழமையாக எழுதும் அளவில் அரைவாசி.

‘வினா 4: விடை சரி. வினாதான் பிழை. — பத்மநாதன்.’